பெரிசா ஒன்னு போட்டுக் குடுங்க

"அண்ணே, பேட்டரி கோங் ஆயிருச்சு. இந்தத் தடவை பெரிசா ஒன்னு போட்டுக் குடுங்க."

படகுகளுக்கு மின்வேலை செய்து பிழைக்கும் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். கையில் செத்த பேட்டரி இருக்கும். படகு எங்கோ கட்டிக் கிடக்கும். கடைக்காரனாக மட்டும் இருந்தால் அந்த நிமிடமே பெரிய பேட்டரியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசை எண்ணலாம். ஆனால் படகைப் பார்க்காமல் நான் பேட்டரி விற்பதில்லை. காரணம் நல்லெண்ணம் இல்லை. படகில் இருக்கும் கோளாறு புதுப் பேட்டரியையும் தின்றுவிட்டால் ஆறு மாதத்தில் அதே ஆள் அதே வாசலில் வந்து நிற்பார். இந்த முறை சண்டைக்கு.

பினாங்கில் எங்கள் பாயான் பாரு, 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் வந்த பிறகு அதை ஒட்டி எழுந்த புதுநகர். மாடியில் ஏறிப் பார்த்தாலும் தொழிற்சாலைக் கூரைதான் தெரியும். ஆனாலும் மோட்டார் சைக்கிளில் கால் மணிக்குள் பத்து மாவுங் மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கலாம். தெலுக் தெம்போயாக், தெலுக் கும்பார் பக்கத்து சின்னப் படகுகளில் பெரும்பாலும் மலாய்க்காரர்களும் சீனர்களும் கடலுக்குப் போகிறார்கள். தூண்டில்காரர்கள் தனி ரகம். தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற நம் ஆட்கள் அவர்களில் நிறைய. சனிக்கிழமை இரவு பாலத்தடியில் நங்கூரம் போட்டுவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது ரகம், ஜெரஜாக் தீவுக்கும் கரைக்கும் நடுவே நங்கூரமிடும் பாய்மரப் படகு வெள்ளைக்காரர்கள். ஒரு காலத்தில் தொழுநோய் இல்லம், நோய்த்தடுப்பு முகாம், பிறகு 1969 முதல் 1993 வரை சிறை என்று பல வேடம் கட்டிய தீவு அது. இப்போது அதன் மறைவில் காற்று அடங்கியிருப்பதால் அவர்களுக்குப் பிடிக்கிறது. மூன்று ரகத்துக்கும் பேட்டரி சாகும் விதம் வேறு வேறு.

ஒரு தூண்டில்காரரின் படகைச் சொல்கிறேன். இருபதடிப் படகு, அறுபது குதிரைச் சக்தி அவுட்போர்டு. காலையில் இஞ்சின் "டக்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டார். மூன்றாவதாகப் பெரிசு ஒன்று வேண்டும் என்றார். "இருங்கண்ணே, முதல்ல படகப் பாத்துருவோம்" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

மீட்டரை வைத்தால் பேட்டரியில் 12.6 வோல்ட். செத்த பேட்டரி பெரும்பாலும் இப்படிக் காட்டாது. சிவப்பு முள்ளைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முள்ளை ஸ்டார்ட்டரின் போல்ட்டிலும் வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொன்னேன். இஞ்சின் முனகுகிற அந்த இரண்டு நொடியில் மீட்டர் காட்டுவது வயர் வழியில் காணாமல் போகிற வோல்ட்டை. 0.4 காட்டியது; பரவாயில்லை. அடுத்து, ஒரு முள் பேட்டரியின் மைனஸில், ஒரு முள் இஞ்சின் உடம்பில். மறுபடி சாவி. 1.9 வோல்ட். கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் கறுப்பு வயருக்குள்ளேயே போய்விட்டது. ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர்வதில் என்ன மிச்சம் இருக்கும்?

இரண்டு பக்கமும் சேர்த்து அரை வோல்ட் போனாலே நான் முகம் சுளிப்பேன். மைனஸ் வயரைக் கழற்றி, முனையில் இருந்த லக்கைத் தாண்டி ஒரு விரல்கடை நீளத்துக்கு ரப்பரைக் கத்தியால் சீவினேன். உள்ளே செம்பு செம்பாக இல்லை. மேலே பச்சை, கீழே கறுப்பு. நகத்தால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளிச் சீவினேன், அங்கேயும் கறுப்பு. உப்புத் தண்ணீர் லக்கின் இடுக்கு வழியாக நுழைந்து, இழைகளுக்கு நடுவே தந்துகி போல ஏறிக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் வயர் புதுசு மாதிரி மினுமினுக்கும்.

கதை இதுதான்: பின்பக்கம் பாரம் அதிகம் என்று யாரோ சொல்ல, அவர் பேட்டரியைப் படகின் நடுவுக்கு மாற்றியிருக்கிறார். வயர் எட்டவில்லை. வெல்டிங் கடையில் மீதமிருந்த வயரை வாங்கி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். வெல்டிங் வயர் கரையில் நல்ல வயர்தான். கடலுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் பல வருஷம் கிடக்கும். முப்பத்தைந்து சதுர மில்லிமீட்டர் வயர் புதிதாக இழுத்து, லக்கை அமுக்கி, பசை உள்ளே இருக்கும் சுருங்கு குழாயால் மூடினேன். பழைய பேட்டரியிலேயே இஞ்சின் உறுமியது. அண்ணன் முகத்தில் சந்தோஷத்தைவிட, மாற்றிய அந்த இரண்டு பேட்டரியின் காசு நினைப்புதான் அதிகம் தெரிந்தது.

வயர் சரியாக இருந்தும் பேட்டரி சாகிறது என்றால் அடுத்த சந்தேகம் வெயில். அதிலும் இஞ்சின் பெட்டிக்குள் இருக்கும் வெயில்.

ஈய-அமில பேட்டரியைச் செய்து காட்டியவர் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே, 1859-இல். அடிப்படை இன்றும் அதேதான்: ஈயத் தகடுகள், நடுவே கந்தக அமிலம், ஒரு செல்லுக்கு இரண்டு வோல்ட் சொச்சம், ஆறு செல் சேர்ந்தால் பன்னிரண்டு. கம்பெனிகள் இதன் ஆயுளைக் கணக்கிடுவது 25 பாகை வெப்பத்தில். அதற்கு மேல் பத்துப் பாகை ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பினாங்கில் பகலில் நிழலிலேயே முப்பதைத் தாண்டும். மூடிய இஞ்சின் பெட்டிக்குள் ஐம்பது சாதாரணம். அங்கே வைத்த பேட்டரி ஐந்து வருஷம் வரும் என்று எதிர்பார்க்கிறவரிடம் நான் வாதாடுவதில்லை. பேட்டரியைப் பெட்டிக்கு வெளியே, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் மாற்றி வைக்கச் சொல்வேன். பேட்டரி மாற்றுவதைவிட இடம் மாற்றுவது மலிவு.

இதே காரணத்தால், லேபிளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் சிசிஏ எண்ணுக்கு நான் மயங்குவதில்லை. மைனஸ் 18 பாகைக் குளிரில், முப்பது நொடிக்கு, வோல்ட் 7.2-க்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதுதான் அந்த எண். பக்கத்தில் எம்சிஏ என்று இன்னும் பெரிய எண் இருக்கும். அதே சோதனையைப் பூஜ்யப் பாகையில் செய்தது. நோர்வேக்காரனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. பத்து மாவுங்கில் பூஜ்யப் பாகை ஐஸ் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இஞ்சின் கம்பெனி கேட்கும் அளவு இருந்தால் போதும். அதற்கு மேல் சிசிஏ கூட்டுவதற்காகத் தகடுகளை மெல்லிசாக்கி, எண்ணிக்கையைக் கூட்டிச் செய்த பேட்டரி நம் சூட்டில் சீக்கிரம் போய்விடும்.

மெல்லிய தகடா, தடித்த தகடா என்பதில்தான் தேர்வே இருக்கிறது. ஸ்டார்ட் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய; ஒரே மூச்சில் நூறு நூற்றைம்பது ஆம்பியரைக் கொட்டிவிட்டு, இஞ்சின் ஓடியதும் திரும்ப நிறைந்துவிடும். கொட்டியது ஒன்றிரண்டு சதவீதம்தான். டீப் சைக்கிள் பேட்டரியில் தகடுகள் தடிப்பு. கொஞ்சம் கொஞ்சமாக இரவு முழுக்கக் கொடுக்கும், பாதிவரை இறங்கினாலும் தாங்கும். ஸ்டார்ட் பேட்டரியை நாளும் பாதிக்கு இறக்கினால் சில மாதத்தில் தகடுகளின் பூச்சு உதிர்ந்து அடியில் சேறாகப் படியும்.

தூண்டில்காரர்களின் பேட்டரி சாவது பெரும்பாலும் இப்படி. கணக்குப் போட்டுக் காட்டுவேன். மீன் தேடும் கருவி ஒரு ஆம்பியர், விளக்குகள் ஒரு ஆம்பியர், உயிர் இரைத் தொட்டிப் பம்பு மூன்று. ஐந்து ஆம்பியர், எட்டு மணி நேரம்: நாற்பது ஆம்பியர்-மணி. படகில் இருப்பதோ கார்க் கடையில் வாங்கிய என்எஸ்70, ஏறக்குறைய 65 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் கையில் இருப்பது முப்பத்திரண்டு. இரவு முழுக்க இரை உயிரோடு இருக்கும். விடியற்காலையில் இஞ்சின்தான் இருக்காது. இங்கே பெரிய பேட்டரி வழியில்லை, இரண்டு பேட்டரிதான் வழி. இஞ்சினுக்கு ஒன்று, மற்றதுக்கெல்லாம் ஒரு நூறு ஆம்பியர்-மணி டீப் சைக்கிள். நடுவே தானியங்கி ரிலே. இஞ்சின் ஓடி வோல்ட் ஏறினால் அது இரண்டையும் சேர்க்கும், இறங்கினால் பிரிக்கும். என்ன ஆடினாலும் இஞ்சின் பேட்டரியை யாரும் தொட முடியாது.

அந்த ஆம்பியர்-மணி எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நூறு என்று எழுதியிருந்தால், ஐந்து ஆம்பியராக இருபது மணி நேரம் எடுத்தால் நூறு. ஐம்பது ஆம்பியராக இழுத்தால் இரண்டு மணி வராது, ஒன்றேகால் மணி வந்தால் பெரிது. வேகமாக இழுத்தால் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதை பியூகெர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே சூத்திரமாக எழுதிவைத்தார். மின்சார நங்கூரச் சுழலியோ இன்வெர்ட்டரோ வைத்திருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

மீனவர்களிடம் நான் வேறு மாதிரி பேசுவேன். கரையோரம் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பும் பாக்சிக்குக்கு, அதாவது மலாய்க்காரப் பெரியவருக்கு, தேவை இஞ்சின் கிளப்புவது, ஒரு ஜிபிஎஸ், ஒரு விளக்கு. அவருக்கு 'மரைன்' என்று நீல ஸ்டிக்கர் ஒட்டிய விலை கூடிய பேட்டரி தேவையே இல்லை. கார், லோரிகளுக்குப் போடும் சாதாரணப் பேட்டரியே போதும், அது ஆடாமல் கட்டப்பட்டிருந்தால். ஒன்றரை இரண்டு வருஷத்தில் மாற்றிக்கொள்ளட்டும். இதைச் சொன்னால் கடைக்காரர்களுக்கு என்மேல் கோபம் வரும். ஆனால் அலையில் படகு தடால் தடாலென்று விழும் வேகப்படகுக்காரருக்கு ஏஜிஎம் வகையைத்தான் சொல்வேன்: அதில் அமிலம் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சப்பட்டு, தகடுகள் அசைய இடமில்லாமல் இறுக்கமாக இருக்கும். 2023-இல் தெற்குக் கரையில் சிலிக்கான் தீவுக்கு மண் நிரப்பும் வேலை தொடங்கியபின் இன்னும் தள்ளிப் போகவேண்டியிருக்கிறது என்று சில பாக்சிக்குகள் சொல்கிறார்கள். அவர்களுக்கும் இப்போது இரண்டாவது பேட்டரி தேவைப்படுகிறது.

ஜெரஜாக் பக்கத்துப் பாய்மரக்காரர்களின் நோய் பட்டினி. அவர்கள் படகிலேயே குடியிருக்கிறார்கள். குளிர்பெட்டி இரவு பகல் ஓடும், அது மட்டுமே நாளொன்றுக்கு அறுபது ஆம்பியர்-மணி கேட்கும். கூரையில் நூறு வாட் சோலார் ஒன்று இருக்கும். நம் ஊர் மேகத்தில் அதிலிருந்து 25 ஆம்பியர்-மணி கிடைத்தால் நல்ல நாள். மீதிக்கு இஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள். ஒரு மணியில் நிறையாது. மூட்டையில் அரிசி அள்ளிப் போடுவது மாதிரி: முதல் முக்கால் மூட்டை மளமளவென்று இறங்கும், கடைசிக் கால் மூட்டைக்குக் குலுக்கிக் குலுக்கித் தட்ட வேண்டும். ஈய பேட்டரிக்கு எண்பதிலிருந்து நூறுக்குப் போக நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அந்தக் கடைசிப் பங்கு கிடைக்காமலே நாட்கள் போனால் தகடுகளில் ஈய சல்ஃபேட் இறுகிக் கல்லாகிவிடும். பார்க்க நல்ல பேட்டரி, உள்ளே பாதிதான். பேட்டரியை விற்பதற்கு முன்னால் இவர்களிடம் சோலார் விற்க வேண்டியிருக்கிறது. கோல்ஃப் வண்டிக்கு வரும் ஆறு வோல்ட் பேட்டரிகளை இரண்டிரண்டாகத் தொடுத்துப் போடுபவர்கள் இவர்களில் உண்டு. ட்ரோஜன் டி-105 மாதிரி, 225 ஆம்பியர்-மணி, தடித்த தகடு, ஒற்றை ஆள் தூக்கும் கனம். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

சார்ஜ் செய்யும் கருவியின் அமைப்பையும் பார்த்தாக வேண்டும். தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கும் ஏஜிஎம்முக்கும் 14.4 வோல்ட் அளவில் ஏற்றலாம், அமிலத்தைக் கூழாக்கிய ஜெல் வகையை 14.1-க்கு மேல் ஏற்றினால் உள்ளே குமிழி விழுந்து ஆறாது. சூடு ஏற ஏற இந்த அளவைக் குறைக்க வேண்டும். வெப்பம் அறியும் முனை இல்லாத மலிவுச் சார்ஜர், இஞ்சின் அறைச் சூட்டில் பேட்டரியை வேகவைத்துவிடும். வயிறு உப்பிய பேட்டரிகளைக் கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சார்ஜரைப் பற்றித்தான்.

இப்போது எல்லாரும் லித்தியம் கேட்கிறார்கள். இரும்பு பாஸ்பேட் வகை நல்ல சரக்கு: கனம் பாதிக்கும் குறைவு, எண்பது சதவீதம்வரை எடுக்கலாம், பட்டினி கிடந்தாலும் கெடாது. ஜெரஜாக் பக்கத்து ஆட்களுக்குப் பொருத்தம். ஆனால் பழைய பேட்டரியைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் அதை வைத்துவிட முடியாது. லித்தியம் கொடுக்கிற அத்தனை கரன்ட்டையும் வாங்கிக்கொண்டே இருக்கும். இஞ்சின் மெதுவாக ஓடும்போது தைனமோ முழுப் பாரம் இழுத்துக் கருகிவிடும். உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் ஏதாவது பிடிக்காமல் போனால் முன்னறிவிப்பில்லாமல் துண்டித்துக்கொள்ளும். ஓடுகிற தைனமோவின் டயோடுகள் அதோடு போய்விடும், விளக்கும் ஜிபிஎஸ்ஸும் ஒரே நொடியில் அணைந்துவிடும். பெரும்பாலானவற்றை 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது என்றும் கம்பெனியே சொல்கிறது. எனவே தைனமோவுக்கும் லித்தியத்துக்கும் நடுவே அளவு பார்த்துக் கொடுக்கும் சார்ஜர், இஞ்சினுக்கு எப்போதும்போல ஒரு ஈய பேட்டரி, இடம் இஞ்சின் அறைக்கு வெளியே. இந்தச் செலவையும் சேர்த்துச் சொன்னதும் பாதிப்பேர் கோப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, பேட்டரி உண்மையிலேயே போய்விட்டது. தண்ணீர் ஊற்றும் வகையில் இதைக் கண்டுபிடிக்க ஹைட்ரோமீட்டரைவிட நேர்மையான கருவி இல்லை. ஐந்து செல் 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.100-இல் மிதவை மூழ்கினால், அந்த ஒரு செல்லுக்காக முழுப் பேட்டரியும் குப்பை. குளிர்நாட்டுப் புத்தகத்தில் 1.280 இருந்தால்தான் முழு சார்ஜ் என்று எழுதியிருக்கும். நம் பக்கச் சூட்டுக்காகவே அமிலத்தைக் கொஞ்சம் நீர்த்தே நிரப்பும் கம்பெனிகள் உண்டு. லேபிளைப் படிக்காமல் அமிலம் குறைவு என்று மேலும் ஆசிட் ஊற்றுகிறவர்கள் பேட்டரியைக் கொல்கிறார்கள். ஊற்ற வேண்டியது வடிநீர் மட்டும், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு.

வாங்கும்போது உடம்பில் அச்சடித்த தேதிக் குறியீட்டைப் பாருங்கள். கடைச் சூட்டில் ஆறேழு மாதம் சார்ஜ் இல்லாமல் உட்கார்ந்திருந்த பேட்டரி புதுசு இல்லை. மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 12.5-க்குக் கீழே காட்டினால் வேறு கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேட்டரியை இணையாகப் போட்டிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், கிழவன் குமரனை இழுத்துக்கொண்டு போவான்.

கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். கைவிரல் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போடுங்கள். ஸ்பேனருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மாட்டிய மோதிரம் ஒரு நொடியில் பழுத்துவிடும். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜனை விடும். காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும். பெட்டிக்கு மேல்பக்கம் காற்றோட்டம் வேண்டும், சிகரெட் பேச்சே வேண்டாம். பேட்டரியைப் பிடித்து எந்தப் பக்கம் இழுத்தாலும் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது என்பது அமெரிக்கப் படகு விதி. நைலான் கயிறு ஒரு சுற்று என்பது நம் ஊர் விதி. அதை நான் ஏற்பதில்லை.

அடித்தளத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தில் பேட்டரியை வைக்கவே கூடாது. கடல்நீர் உள்ளே புகுந்து, சார்ஜும் ஏறினால் வருவது குளோரின் வாயு. நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் எதிரியின் குண்டுக்கு அடுத்தபடி இதற்குத்தான் பயந்தார்கள். ஜப்பானியர் காலத்தில் பினாங்கு நீர்மூழ்கித் தளமாக இருந்தது. 1943 ஆகஸ்டில் ஜெர்மனியின் யூ-178 கூட இங்கே வந்து சேர்ந்தது. அந்த மாதிரிக் கப்பல் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஈய-அமில செல்கள் நூற்றுக்கு மேல். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, மூழ்கிக் கிடந்த பேட்டரிகளைக் கழுவிக் கொண்டுவந்து சார்ஜ் போடச் சொன்னார்கள். பாவமாக இருந்தது, ஆனால் ஒன்றைக்கூட நான் சார்ஜில் மாட்டவில்லை.

பழையதைக் கடலிலோ சதுப்பிலோ வீசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் நாட்டு 2005-ஆம் ஆண்டுக் கழிவு விதிகளில் ஈய-அமில பேட்டரிக்கு எஸ்டபிள்யூ 102 என்று தனி எண்ணே உண்டு. விதியை விடுங்கள், அதில் காசு இருக்கிறது. தெருவில் ஒலிபெருக்கி வைத்துப் பழைய பேப்பர், பழைய பேட்டரி என்று கூவிக்கொண்டு போகும் லோரிக்காரரே எடை போட்டு எடுத்துக்கொள்வார். கடையில் கொடுத்தால் புதுசின் விலையில் கொஞ்சம் கழியும். அமிலத்தை வடித்துவிட்டுக் கொடுக்காதீர்கள், வீட்டுச் சாக்கடை கெடும், எடையும் குறையும். லித்தியத்தை மட்டும் அந்த லோரிக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். என் பட்டறை மூலையில் உப்பிப்போன லித்தியம் இரண்டு கிடக்கின்றன, டெர்மினலில் டேப் சுற்றி, மணல் வாளிக்குப் பக்கத்தில்.